வீட்டு வடிவமைப்பாளருக்கான கணினிப் பயன்பாடு

வீடுகளுக்கு வரைபடம் தயாரிக்கும் கட்டடக்கலைஞர், கட்டுமானப் பொறியாளர், வரைவாளர், உள்ளலங்கார வடிவமைப்பாளர் ஆகியோர் கணினியையும் மென்பொருளையும் தேர்ந்தெடுத்து ஒழுங்காகப் பயன்படுத்துவதற்கான நடைமுறைகளை இக்கட்டுரை விளக்குகிறது. இராணிப்பேட்டை மாவட்டம் மேல்விஷாரத்தில் ஓரிருவர் மட்டும் வேலை செய்யும் சிறிய அலுவலகம் ஒன்றை மனத்தில் கொண்டு இது எழுதப்பட்டுள்ளது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி போன்ற தோல் தொழில் ஊர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஒரு வீடு ஐம்பது ஆண்டுகளாவது நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அதன் வரைபடக் கோப்போ ஐந்தே ஆண்டுகளில் திறக்க முடியாமல் போகிறது, அல்லது தொலைந்து போகிறது. மகனுக்குத் திருமணமாகி மேல்மாடி எழுப்பும்போது பில்லரில் எத்தனை கம்பி, ஃபுட்டிங் எவ்வளவு ஆழம் என்ற விவரம் தேவைப்படும். கோப்பு இல்லையென்றால் தோண்டிப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஊகிக்க வேண்டும். ஊகத்தின் மேல் ஒரு தளத்தை ஏற்றுவது ஆபத்து. ஆகவே, வீட்டு வடிவமைப்பாளருக்கு மென்பொருளின் வசதிகளைவிட முக்கியமானவை இரண்டு: கோப்பில் உள்ள அளவு உண்மையாக இருப்பது, கோப்பு நெடுநாள் பிழைத்திருப்பது. கீழ்வரும் குறிப்புகள் இவ்விரண்டையும் நோக்கியவை.

பின்னணி

மேல்விஷாரம் பாலாற்றுப் பகுதியில், சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் ஆற்காட்டுக்கு அருகே அமைந்த நகராட்சி. தோல் பதனிடுதலே ஊரின் முதன்மைத் தொழில். முன்பு வேலூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2019 நவம்பரில் இராணிப்பேட்டை மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது. பழைய வரைபடத்தை நகலெடுத்துப் புதிய வேலையைத் தொடங்கும் அலுவலகங்களில் தலைப்புக் கட்டத்தில் இன்னும் "வேலூர் மாவட்டம்" என்றே இருக்கக்கூடும். வார்ப்புருக் கோப்பை ஒருமுறை திருத்தி வைத்தால் இந்தப் பிழை அடுத்தடுத்த வேலைகளுக்குத் தொடராது.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தன. மனையின் பரப்பு, தளப்பரப்புக் குறியீடு, பக்கவெளி, உயரம் ஆகியவற்றை மாநிலம் முழுவதும் ஒரே விதித்தொகுப்பின்படி காட்ட வேண்டும் என்பது இதன் விளைவு. 2024 ஜூலையில் சுயசான்று முறை தொடங்கப்பட்டது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டப்படும் வீடுகளுக்கு இணையவழியில் உடனடி அனுமதி பெற இது வழி செய்கிறது. அனுமதிக்கு முன் ஓர் அதிகாரி வரைபடத்தைப் பார்த்துத் தவறைச் சுட்டிக்காட்டுவார் என்ற பழைய நம்பிக்கைக்கு இந்த முறையில் இடம் குறைவு. பரப்புக் கணக்கு தவறானால் அதன் சுமை சான்றளித்த உரிமையாளர் மீதும் வரைபடம் தயாரித்தவர் மீதும் விழும். கோப்பில் உள்ள எண்களின் நம்பகத்தன்மை முன்னெப்போதையும்விட இப்போது முக்கியமாகியிருப்பதற்கு இதுவே காரணம்.

கணினியைத் தேர்ந்தெடுத்தல்

இருபரிமாண வரைபட வேலைக்கு விலையுயர்ந்த கணினி தேவையில்லை. 16 ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டி சேமிப்பகமும் கொண்ட சாதாரண மேசைக்கணினி போதும். வரைபட மென்பொருள்கள் பெரும்பாலான வேலைகளைச் செயலியின் ஒரே கருவில்தான் செய்கின்றன. எனவே, கருக்களின் எண்ணிக்கையைவிட ஒரு கருவின் வேகத்தைப் பார்த்து வாங்குவது நல்லது. முப்பரிமாணக் காட்சிப்படங்களை அடிக்கடி தயாரிப்போருக்கு 32 ஜிபி நினைவகமும், 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட தனி நினைவகம் உள்ள வரைகலை அட்டையும் தேவைப்படும். மாதத்துக்கு ஒன்றிரண்டு காட்சிப்படங்கள் மட்டுமே தேவை என்றால், அந்த வேலையை வெளியே கொடுத்துவிட்டுப் பணத்தை ஒரு பெரிய திரைக்கும் நல்ல யுபிஎஸ்ஸுக்கும் செலவிடலாம்.

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 இயங்க டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் வேண்டும். பழைய கணினியை மலிவாக வாங்குவோர் இதை முதலில் சரிபார்க்க வேண்டும்.

மின்தடை: வீட்டு இன்வெர்ட்டர் மின்சாரம் போனபின் மாறிக்கொள்ளும் இடைவெளியில் கணினி அணைந்துவிடலாம். கணினிக்கெனத் தனி யுபிஎஸ் இருக்க வேண்டும். அதன் வேலை இரண்டு மணி நேரம் ஓட்டுவது அன்று. கோப்பைச் சேமித்து முறையாக அணைக்கப் பத்து நிமிடம் தருவதே. ஆட்டோகேடில் தானியங்கிச் சேமிப்பின் இடைவெளி இயல்பாகப் பத்து நிமிடம். 'சேவ்டைம்' என்ற கட்டளையால் அதை ஐந்தாகக் குறைக்கலாம்.

வெப்பமும் தூசியும்: கோடையில் 40 பாகை செல்சியசைத் தாண்டும் பகுதி இது. கணினிப் பெட்டியைச் சுவரை ஒட்டியோ மேசைக்கடியில் மூடிய அறையிலோ வைக்கக்கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை விசிறிகளிலும் வெப்பத்தகட்டிலும் படிந்த தூசியை நீக்க வேண்டும்.

காற்றில் உள்ள கந்தகம்: தோல் பதனிடும் ஊர்களுக்கே உரிய சிக்கல் இது. தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்புடன் சோடியம் சல்பைடு பயன்படுத்தப்படுகிறது. சல்பைடு கலந்த கழிவுநீர் அமிலக் கழிவுநீருடன் சேரும்போது ஐதரசன் சல்பைடு வெளியேறும்; அழுகிய முட்டை நாற்றம் அதனுடையது. இவ்வாயு வெள்ளியையும் செம்பையும் கறுக்கச் செய்யும். மின்னணுப் பொருள்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றிய விதி 2006 இல் நடைமுறைக்கு வந்தபின், மின்சுற்றுப் பலகைகளில் ஈயமற்ற பூச்சுகள் பரவின. அவற்றுள் வெள்ளிப்பூச்சு கந்தகக் காற்றில் எளிதாகக் கெடுகிறது. செம்பின் கந்தகச் சேர்மம் பலகையின் மேல் ஊர்ந்து பரவி, அருகருகே உள்ள இணைப்புகளைக் குறுக்கிணைத்துவிடும். காரணம் தெரியாமல் மதர்போர்டு திரும்பத் திரும்பப் பழுதானால் இதையும் ஐயப்பட வேண்டும்.

சோதிக்கும் முறை எளிது. பளபளப்பாகத் தேய்த்த ஒரு செம்புத் துண்டையும் ஒரு வெள்ளித் துண்டையும் கணினிக்கு அருகில் ஒரு மாதம் வைத்துப் பார்க்கலாம். பெரிய தரவு மையங்களிலும் அடிப்படையில் இதே முறைதான் கையாளப்படுகிறது. வீட்டில் வெள்ளிக் கொலுசு வழக்கத்தைவிட விரைவாகக் கறுத்தால் அதுவும் ஓர் அறிகுறி. துண்டு கறுத்துப்போனால் தொழிற்சாலை அல்லது கழிவுநீர்க் கால்வாய்ப் பக்கத்துச் சன்னலை மூடிவைக்க வேண்டும். வெளிக்காற்றை உள்ளிழுக்கும் விசிறியைக் கணினி அறையில் பொருத்தக்கூடாது. ஈரப்பதம் இருந்தால் கறுத்தல் விரைவுபடும் என்பதால் அறையை உலர்வாக வைப்பதும் உதவும்.

மென்பொருள் தேர்வு

ஆட்டோகேட் 1982 டிசம்பரில் வெளிவந்தது. இன்றும் வரைபடப் பரிமாற்றத்தின் பொதுமொழியாக அதன் டிடபிள்யூஜி வடிவமே உள்ளது. 2016 முதல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் இதற்கான நிரந்தர உரிமத்தைப் புதிதாக விற்பதில்லை. சந்தா மட்டுமே உண்டு. இருபரிமாண வேலை மட்டும் செய்வோருக்கு விலை குறைந்த ஆட்டோகேட் எல்டி பெரும்பாலும் போதுமானது. பிரிக்ஸ்கேட், இசட்டபிள்யூகேட், ஜிஸ்டார்கேட் ஆகியவையும் டிடபிள்யூஜி கோப்புகளை நேரடியாகத் திறந்து திருத்துகின்றன.

கட்டற்ற மென்பொருள்களில் லிப்ரேகேட் இருபரிமாண வரைபடத்துக்கு ஏற்றது. எளிய கணினியிலும் ஓடும். டிஎக்ஸ்எஃப் வடிவத்தில் சேமிக்கும். ஃப்ரீகேட் 2024 நவம்பரில் 1.0 பதிப்பை எட்டியது. கட்டடத் தகவல் மாதிரிக்கான கருவிகள் அப்பதிப்பிலேயே சேர்ந்து வருகின்றன. அறைக்கலன் அமைப்பை உரிமையாளருக்கு விரைவாகக் காட்ட ஸ்வீட் ஹோம் 3டி பயன்படும். ஸ்கெட்சப் மென்பொருளின் இலவச மேசைக்கணினிப் பதிப்பு 2017 உடன் நின்றுவிட்டது. இப்போது இணைய உலாவியில் இயங்கும் இலவசப் பதிப்பு தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டுமே. ரெவிட், ஆர்க்கிகேட் போன்றவை சுவர், கதவு, சன்னல் எல்லாவற்றையும் ஒரே மாதிரியில் இணைத்து வைப்பதால் ஓரிடத்தில் செய்யும் மாற்றம் எல்லாத் தாள்களிலும் மாறும். ஆனால், ரெவிட் கோப்பைப் பழைய பதிப்புக்குத் திரும்பச் சேமிக்க முடியாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு ஒரு நடைமுறை அளவுகோல் உண்டு. அந்த மென்பொருளில் கட்டி முடித்த ஒரு பழைய வீட்டை முழுமையாக வரைந்து பார்க்க வேண்டும். தரைத்தளம், வெட்டுத்தோற்றம், முகப்பு, பில்லர் அமைப்பு, அச்சுத்தாள் என எல்லாம் சேர்ந்து எத்தனை நாள் ஆகிறது, அனுமதிக்கு ஏற்ற வடிவில் வெளியேற்ற முடிகிறதா, கட்டமைப்புப் பொறியாளர் அதைச் சிக்கலின்றித் திறக்கிறாரா என்று பார்த்தபின் முடிவெடுக்கலாம். விளம்பரக் காணொளியை மட்டும் பார்த்து முடிவெடுக்கக்கூடாது.

உரிமம்

உரிமமில்லாத மென்பொருள் சிறிய அலுவலகங்களில் இயல்பான ஒன்றாகக் கருதப்படுகிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957 இன் 63பி பிரிவு, உரிமம் மீறிய நகல் என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. குறைந்தது 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை தண்டமும் அதில் கூறப்பட்டுள்ளன. வணிக ஆதாயத்துக்காகப் பயன்படுத்தவில்லை என்றால் சிறைத்தண்டனையைத் தவிர்க்க நீதிமன்றத்துக்கு இடமுண்டு. கட்டணம் வாங்கி வரைபடம் தயாரிப்பவர் அந்த விலக்கைக் கோர முடியாது. மாணவர் உரிமத்தில் வரைந்த படத்துக்குக் கட்டணம் வாங்குவதும் அவ்வுரிமத்தின் விதிக்கு மாறானது.

சட்டத்தைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. பூட்டை உடைக்கும் நிரல்களோடு தீநிரல்களும் வந்து சேர்கின்றன. சந்தாவுக்குப் பணம் இல்லாத தொடக்க ஆண்டுகளில், திருட்டு நகலைவிட லிப்ரேகேடில் வேகமாக வரையப் பழகுவது பாதுகாப்பானது.

அலகுகள்

கொத்தனாரும் மேஸ்திரியும் அடி, அங்குலத்தில் பேசுகிறார்கள். அனுமதி வரைபடமும் புலப்படமும் மீட்டரில் உள்ளன. கம்பியும் டைல்சும் மில்லிமீட்டரில் விற்கப்படுகின்றன. இம்மூன்றும் ஒரே கோப்பில் சந்திக்கும் இடத்தில்தான் பெரும்பாலான பிழைகள் பிறக்கின்றன.

ஆட்டோகேடின் கட்டடக்கலை அலகு முறையில் ஓர் அலகு என்பது ஓர் அங்குலம். மெட்ரிக் கோப்பில் அது பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர். அங்குலத்தில் வரைந்த சோபாவை மில்லிமீட்டர் கோப்பில் செருகும்போது, அலகு குறிக்கப்படாவிட்டால் அது 25.4 மடங்கு சிறுத்து நிற்கும். 'யூனிட்ஸ்' கட்டளையில் செருகும் அலகைக் குறித்து வைத்தால் மென்பொருளே மாற்றிக்கொள்ளும். அலுவலகத்தில் உள்ள எல்லா வார்ப்புருக்களும் ஒரே அலகில் இருக்க வேண்டும். மில்லிமீட்டரில் வரைந்து, தளத்துக்குப் போகும் தாளில் மட்டும் அடி அங்குலத்தை இரண்டாம் அலகாகக் காட்டுவது நல்ல வழக்கம்.

அடிக்கடி தேவைப்படும் மாற்றங்கள்:

1 அடி = 304.8 மி.மீ.
1 சென்ட் = 435.6 சதுர அடி = 40.47 சதுர மீட்டர்
1 கிரவுண்டு = 2,400 சதுர அடி = 222.97 சதுர மீட்டர்
30 × 40 அடி மனை = 1,200 சதுர அடி = 111.48 சதுர மீட்டர்

ஒன்பது அங்குலச் சுவரின் உண்மையான அளவு 228.6 மி.மீ.; வரைபடத்தில் 230 என்று எழுதுகிறோம். ஒரு சுவரில் இது பொருட்டல்ல. அறைகளை அடியிலும் சுவர்களை மில்லிமீட்டரிலும் கலந்து வரைந்தால், எல்லாம் கூட்டிய நீளம் மனையின் நீளத்தோடு ஒத்துப்போகாது. அப்போது சிலர் செய்வது, பரிமாணக் கோட்டின் மேலுள்ள எண்ணைக் கையால் மாற்றி எழுதுவது. இதை ஒருபோதும் செய்யக்கூடாது. எண் ஒன்றைச் சொல்லும், கோடு வேறொன்றைச் சொல்லும். பரப்பைக் கணினி கோட்டிலிருந்தே கணக்கிடும், கொத்தனாரோ எண்ணைப் பார்த்துக் கட்டுவார்.

மனையை வரைதல்

நான்கு பக்க நீளம் மட்டும் தெரிந்தால் மனையின் வடிவம் முடிவாகாது. 30, 40, 30, 40 அடி பக்கங்கள் கொண்ட மனையின் மூலை செங்கோணமாக இருந்தால் பரப்பு 1,200 சதுர அடி. எதிரெதிர் மூலைகள் 80 பாகையாக இருந்தால் பரப்பு சுமார் 1,182 சதுர அடிதான். நான்கு பக்கங்களும் மாறவில்லை. பதினெட்டுச் சதுர அடி குறைந்துவிட்டது. அதைவிட, ஒரு பக்கத்தில் விட வேண்டிய வெளி போதாமல் போகும். ஆகவே தளத்தில் ஒரு மூலைவிட்டத்தையாவது நாடாவால் அளக்க வேண்டும். செங்கோணமான மனையில் அது 50 அடி இருக்கும். மேற்சொன்ன கோணல் மனையில் ஒன்று சுமார் 45 அடி 8 அங்குலமாகவும் மற்றொன்று 54 அடியாகவும் இருக்கும்.

பட்டா விவரத்தையும் புலப்படத்தையும் தமிழ்நாடு அரசின் நிலப்பதிவு இணையச் சேவையில் பதிவிறக்கலாம். புலப்படத்தைப் படமாகச் செருகி அதன்மேல் கோடு இழுப்பதைவிட, அதில் எழுதியுள்ள அடிக்கோட்டு நீளங்களையும் செங்குத்து அளவுகளையும் எண்ணாக உள்ளிட்டு வரைவதே சரி. படம் அச்சிலும் ஸ்கேனிலும் இழுபடும்; எண் இழுபடாது. வரைந்து முடித்தபின் கணினி தரும் பரப்பைப் பட்டாவில் உள்ள பரப்போடும், பத்திரத்தில் உள்ள பரப்போடும், தளத்தில் அளந்ததோடும் ஒப்பிட வேண்டும். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் வரைவதை நிறுத்திவிட்டு உரிமையாளரிடம் பேச வேண்டும். அஸ்திவாரம் தோண்டியபின் பக்கத்து மனைக்காரர் வந்து பேசுவதைவிட இது எளிது.

நில அளவைக் கருவியிலிருந்து வரும் ஆயத்தொலைகள் மிகப்பெரிய எண்களாக இருக்கும். மேல்விஷாரம் யூடிஎம் 44 ஆம் மண்டலத்தில் உள்ளது; வடக்கு எண் மட்டும் பதினான்கு லட்சம் மீட்டரைத் தாண்டும். தொடக்கப்புள்ளியிலிருந்து இவ்வளவு தொலைவில் வரைந்தால் சில மென்பொருள்களில் கோடுகள் நடுங்கும், நிரப்பல்கள் உடையும். மனையின் ஒரு மூலையைத் தொடக்கப்புள்ளிக்கு நகர்த்திவிட்டு, அசல் ஆயத்தொலையை ஒரு குறிப்பாக எழுதி வைக்கலாம்.

அடுக்குகளும் வார்ப்புருவும்

சுவர், பில்லர், கதவு சன்னல், பரிமாணம், எழுத்து, மனை எல்லை, மின்சாரம், குழாய் ஆகியவற்றுக்குத் தனித்தனி அடுக்கு இருக்க வேண்டும். வரைபடத்தைக் கணினியே படித்துச் சரிபார்க்கும் அனுமதி முறைகளில், எந்தக் கோடு மனை எல்லை, எந்தக் கோடு கட்டட எல்லை என்பதை அடுக்கின் பெயரைக் கொண்டே மென்பொருள் அறிகிறது. பரப்பைக் காட்டும் கோடுகள் முழுமையாக மூடிய பலகோடுகளாக இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் திறந்திருந்தாலும் சரிபார்ப்பு தடைப்படலாம்.

வார்ப்புருவில் உள்ள பொதுக்குறிப்புகளை ஊருக்கேற்பத் திருத்துவது அவசியம். சென்னையிலிருந்தோ இணையத்திலிருந்தோ எடுத்த குறிப்புகளில் தண்ணீரைப் பற்றி ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். பாலாற்றுப் பகுதியில் தோல் கழிவால் நிலத்தடி நீர் கெட்டது 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த புகழ்பெற்ற வழக்கின் பொருள். இந்தியத் தரம் 456:2000, கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. இது கம்பியுள்ள கான்கிரீட்டுக்கு, கம்பியில்லாததற்கு 2,000. சல்பேட்டு 400 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. பிஎச் அளவு 6 க்குக் குறையக்கூடாது. "போர்வெல் நீரைச் சோதித்த பின்னரே கான்கிரீட்டுக்கும் நீராற்றவும் பயன்படுத்த வேண்டும்" என்ற வரியை இவ்வெண்களோடு வார்ப்புருவில் சேர்த்தால் ஒவ்வொரு தளத்துக்கும் அது தானாகவே போய்ச்சேரும்.

தமிழ் எழுத்துகள்

வரைபடத்தில் அறைப்பெயரும் குறிப்பும் தமிழில் இருந்தால் மேஸ்திரிக்கும் உரிமையாளருக்கும் எளிது. ஆட்டோகேடின் பழைய எஸ்எச்எக்ஸ் எழுத்துருக்களில் தமிழ் இல்லை. தமிழ் எழுத்துகள் கேள்விக்குறியாகத் தெரியும். நிர்மலா யுஐ, லதா போன்ற யூனிகோடு எழுத்துருவைக் கொண்ட தனி எழுத்துப் பாணியை உருவாக்கிக்கொள்ள வேண்டும். பாமினி போன்ற பழைய குறியாக்கங்களில் எழுதினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். தமிழ்நாடு அரசும் 2010 இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. அச்சிடுமுன் கொ, கௌ போன்ற எழுத்துகளின் கொம்பு சரியான இடத்தில் விழுகிறதா என்று பார்ப்பது நல்லது.

வெயிலும் நிழலும்

முப்பரிமாண மாதிரியில் நிழலைக் காட்டும் வசதி அழகுக்காக மட்டும் அன்று. ஆனால், இடத்தைச் சரியாகக் கொடுக்காவிட்டால் அது பொய் சொல்லும். ஸ்கெட்சப்பின் இயல்பு இருப்பிடம் அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள போல்டர். அது வட அகலாங்கு 40 பாகையில் உள்ளது. மேல்விஷாரமோ ஏறத்தாழ 12.9 பாகையில் உள்ளது. டிசம்பர் நடுப்பகலில் போல்டரில் சூரியன் அடிவானிலிருந்து 27 பாகைக்கும் குறைவான உயரத்தில் நிற்கும். மேல்விஷாரத்தில் அது சுமார் 54 பாகை. இயல்பு இருப்பிடத்தை மாற்றாமல் சன்ஷேடின் அகலத்தை முடிவு செய்தால் கணக்கு முற்றிலும் தவறும்.

நம் பகுதியில் ஏப்ரல் இறுதி வாரம் முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் 21 அன்று வடக்குப் பக்கமாக 79 பாகைக்கும் சற்று அதிகமான உயரத்தில் இருக்கும். ஆகவே வடக்குச் சன்னலுக்கும் சிறு சன்ஷேடு தேவை. மாலை வெயில் தாழ்ந்து வருவதால் மேற்குச் சுவரைச் சன்ஷேடால் காக்க முடியாது. அங்கே படிக்கட்டையோ குளியலறையையோ அமைத்துப் பார்த்து, மே மாத மாலை நான்கு மணி நிழலை ஓட்டிப் பார்க்கலாம். நேர மண்டலம் 5:30 என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இவ்வூரில் சூரியன் உச்சிக்கு வருவது ஆண்டுச் சராசரியில் கடிகாரத்தின் 12 மணிக்குப் பிறகு சுமார் 13 நிமிடம் கழித்தே.

உரிமையாளர் முடிவெடுப்பது பெரும்பாலும் வண்ணப்படத்தைப் பார்த்துத்தான். அந்தப் படம் அனுமதி வரைபடத்தின் அதே அளவிலிருந்து உருவாக வேண்டும். பரந்த கோணக் காட்சியில் 10 அடி அறை 15 அடி போலத் தோன்றும். படத்தில் ஓர் ஆளின் உருவத்தையும் உண்மை அளவுள்ள கட்டிலையும் வைத்துக் காட்டுவது நேர்மை.

மதிப்பீட்டுத் தாள்

செலவு மதிப்பீட்டுக்கு எக்செல் அல்லது லிப்ரேஆபிஸ் கால்க் போதும். விலைகள் அனைத்தும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். கணக்குகள் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். சிமெண்டு விலை மாறினால் ஓர் இடத்தில் மட்டும் திருத்தினால் போதும்.

கவனிக்க வேண்டிய பொறி ஒன்று உண்டு. முக்கால் அங்குலம் என்று 3/4 எனத் தட்டினால் எக்செல் அதைத் தேதியாக மாற்றிவிடும். முதலில் பூச்சியமும் ஓர் இடைவெளியும் விட்டு 0 3/4 என்று தட்ட வேண்டும், அல்லது 0.75 என்று எழுத வேண்டும்.

கம்பியின் எடைக்கு, மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162 ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்பது கிடைக்கும். 8 மி.மீ. கம்பிக்கு 0.395, 12 மி.மீ. கம்பிக்கு 0.889, 16 மி.மீ. கம்பிக்கு 1.58. ஒரு 12 மீட்டர் நீள 12 மி.மீ. கம்பியின் எடை சுமார் 10.7 கிலோ. தாளில் வரும் மொத்த எடையைக் கடைக்காரரின் எடைச்சீட்டோடு ஒப்பிடும் பழக்கம் உரிமையாளருக்கும் பயன்படும்.

அனுப்புதலும் அச்சும்

வாட்சப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு எண்கள் மங்கும். பிடிஎஃப் கோப்பாக, 'ஆவணம்' என்ற வழியில் அனுப்ப வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர் அங்கே அச்சிடும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தெரிவு இருந்தால் படம் சுருங்கும். 96 விழுக்காட்டுக்குச் சுருங்கிய தாளில் அளவுகோலை வைத்துப் பார்த்தால் 10 அடி அறை 9 அடி 7 அங்குலமாகத் தெரியும். ஒவ்வொரு தாளிலும் அளவுப்பட்டை ஒன்றை வரைந்து வைத்தால் எந்தச் சுருக்கத்திலும் உண்மை அளவைக் கண்டுகொள்ளலாம். 30 × 40 அடி மனை 1:50 அளவில் 18.3 × 24.4 செ.மீ. ஆகும், ஏ4 தாளில் தலைப்புக்கும் பரிமாணத்துக்கும் இடம் போதாது என்பதால் ஏ3 ஏற்றது.

திருத்திய படத்துக்குப் புதிய எண்ணும் தேதியும் கட்டாயம் வேண்டும். "இறுதி", "புது இறுதி", "உண்மையான இறுதி" என்று பெயரிட்ட கோப்புகளால் பழைய படத்தைப் பார்த்துப் பில்லர் எழுப்பிவிடும் நிலை வரும். தெருப்பெயர், வேலை எண், தாள் எண், திருத்த எண் என்ற ஒரே வரிசையில் பெயரிட்டால் போதும். புதிய தாள் தளத்துக்குப் போகும்போது பழைய தாளைத் திரும்ப வாங்கிவிட வேண்டும்.

கோப்புகளைக் காத்தல்

மூன்று நகல்கள், இரண்டு வகைச் சேமிப்பகங்கள், ஒன்று அலுவலகத்துக்கு வெளியே என்பது பரவலாக ஏற்கப்பட்ட விதி. கணினியில் ஒன்று, புறவன்வட்டில் ஒன்று, இணையச் சேமிப்பிலோ வீட்டிலோ ஒன்று என வைக்கலாம். புறவன்வட்டை நகலெடுத்தவுடன் கழற்றிவிட வேண்டும். எப்போதும் இணைத்தே வைத்தால் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நகலிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பார்ப்பதும் அவசியம். திறந்து பார்க்காத நகலை நம்ப முடியாது.

வரைபட மென்பொருளையே தாக்கும் தீநிரல்களும் உள்ளன. 2012 இல் ஈசெட் நிறுவனம் கண்டறிந்த ஒரு புழு, ஆட்டோகேட் வரைபடங்களைத் திருடிச் சீனாவில் இருந்த மின்னஞ்சல் முகவரிகளுக்கு அனுப்பியது. பெரும்பாலும் பெரு நாட்டில் பரவிய அது ஆயிரக்கணக்கான வரைபடங்களைக் கொண்டுபோனது. வரைபடத்தோடு ஒரே கோப்புறையில் வரும் லிஸ்ப் நிரல் வழியாகவே இத்தகையவை பரவுகின்றன. பிறர் தரும் பென்டிரைவில் 'அகாட்' என்று தொடங்கும் நிரல் கோப்பு இருந்தால் வரைபடத்தைத் திறக்கும் முன் அதை நீக்க வேண்டும். கோப்பு பழுதானால் 'ரிக்கவர்', 'ஆடிட்' கட்டளைகளும், தேவையற்ற சுமையை நீக்கப் 'பர்ஜ்' கட்டளையும் உதவும்.

உரிமையாளரிடம் ஒப்படைத்தல்

டிடபிள்யூஜி வடிவம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறியுள்ளது. 2018 வடிவத்தில் சேமித்த கோப்பைப் பழைய ஆட்டோகேட் 2013 திறக்காது. ஆட்டோடெஸ்க் இலவசமாகத் தரும் ட்ரூவியூ செயலியால் பதிப்பை மாற்றிக்கொள்ளலாம். நெடுங்காலத்துக்கு ஒரே நிறுவனத்தின் வடிவத்தை மட்டும் நம்பக்கூடாது. பிடிஎஃப் 2008 முதலும், ஐஎஃப்சி 2013 முதலும் பன்னாட்டுத் தர அமைப்பின் தரங்களாக உள்ளன. டிஎக்ஸ்எஃப் வடிவத்தின் விவரங்கள் வெளிப்படையாக வெளியிடப்பட்டவை.

வேலை முடிந்ததும் உரிமையாளரிடம் தர வேண்டியவை இவை: கட்டி முடித்தபடி திருத்திய வரைபடம், டிடபிள்யூஜி, டிஎக்ஸ்எஃப், பிடிஎஃப் மூன்றிலும், பில்லர், ஃபுட்டிங், பீம், தளத்தின் கம்பி விவரம், தண்ணீர், கழிவுநீர், மின்குழாய்கள் செல்லும் வழி, கான்கிரீட் போடுமுன் எடுத்த கம்பிப் படங்கள், தேதியோடு, மண், நீர் சோதனை அறிக்கைகள், அனுமதி ஆணை. இவற்றை ஒரு பென்டிரைவில் மட்டும் தருவது போதாது. அது சில ஆண்டுகளில் பழுதாகலாம். கட்டமைப்புத் தாள்களை ஏ3 இல் அச்சிட்டு, பத்திரம் வைத்திருக்கும் உறையிலேயே வைக்கச் சொல்ல வேண்டும். மென்பொருள் மாறும், அலுவலகம் இடம் மாறும், வரைந்தவரும் ஊரில் இல்லாமல் போகலாம். அடுத்த தளம் எழுப்ப வரும் பொறியாளர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.